அணியம் எது, அமரம் எது

கண்கட்டுப் பிரித்த அன்றைக்குத் தைப்பூசம்.
குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது,
ஒரு மாசத்துக்கு முகத்தில் தண்ணி படவே கூடாது என்று
சீட்டில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தாள் டாக்டரம்மா.
மூக்கையூரில் பிறந்த மனுஷனுக்குத்
தண்ணி படக் கூடாதாம்.
நான் சிரித்துவிட்டேன்.
சந்தியாகு சிரிக்கவில்லை.

மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் ஏற வேண்டியவரைப்
பக்கத்துக் கட்டில்காரர் கெடுத்தார்:
"இன்னைக்குத் தெப்பம்யா. அதைப் பார்க்காம
ஊருக்குப் போனா
புதுக்கண்ணுக்கு என்ன மரியாதை?"

பாதி வழியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.
மிச்சத்தை நடந்தோம்.
கரும்புச் சக்கை, சுண்டல் காகிதம், விசில்,
தோளேறிய பிள்ளைகளின் செருப்பு என் காதில்.
கறுப்புக் கண்ணாடியோடு அவர் முன்னால்,
சொட்டு மருந்தும் ரேஷன் பையுமாக நான் பின்னால்.

கல்சுவரில் சாய்ந்ததும் சாமியைக் கேட்கவில்லை.
"நீவாடு எந்தப் பக்கம்?"
நீவாடு கிடையாது. வைகையிலிருந்து
வாய்க்கால் வழியாக வந்து நின்ற தண்ணி.
ஏத்தமில்லை, வத்தமில்லை,
வாடைக்குக்கூட மேல்தோல்தான் சிலிர்க்கிறது.
"அணியம் எது, அமரம் எது?"
நாலு பக்கமும் ஒரே மாதிரிச் சோடித்த தெப்பத்தில்
எதைக் காட்டுவது?
"சுக்கான்?"
"அதெல்லாம் இல்ல" என்றான் பலூன் விற்கிற பையன்.
"நங்கூரம்?"
"தாத்தா, நீங்க கப்பல்லயா வேலை பார்த்தீங்க?"

அப்போதுதான் கயிறு விறைத்தது.
கரையில் நூறு ஆள், அதற்கு மேலும் இருக்கும்,
பின்னால் சாய்ந்து, குதிகால் ஊன்றி,
ஒரு சத்தத்துக்கு ஒரு எட்டு.
தண்ணீருக்குள் இருந்த விளக்கெல்லாம் கலைந்து
பிறகு மெதுவாகக் கிளம்பியது தெப்பம்.

"கரைவலை" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
நான் பையை இடுக்குவதற்குள் ஆளைக் காணோம்.

போய்ப் பார்த்தால் வரிசையில் நிற்கிறார்.
ஒரு தடித்த ஆள் ஓரமாக ஒதுங்கி
ஒரு கை அளவு கயிறு கொடுத்திருந்தான்.
யார் எவர் என்று கேட்கவில்லை போல.
"கனம் தூக்கக் கூடாது" என்றேன்.
"தூக்கலையே. இழுக்கத்தானே செய்றேன்."
"நம்ம சாமி இல்லையே."
"கயிறு நம்ம கயிறுதானே."

இருபது எட்டு இருக்கும். எண்ணினேன்.
சண்டை போட ஒரு கணக்கு வேண்டுமே.
மற்றவர்கள் கையால் இழுத்தார்கள்,
இவர் இடுப்பால் இழுத்தார்.
முன்னே நின்றவன் திரும்பி அந்தக் காலைப் பார்த்தான்,
தன் காலையும் அதேபோல் மாற்றி வைத்தான்.
சுவர் வளைவில் அவரே கையை விட்டார்.

ராத்திரி லாட்ஜில் மல்லாக்கப் படுக்க வைத்தேன்.
திட்டுவதை முடித்துவிட்டு மருந்தைத் திறந்தேன்.
பழைய கண்ணில், அவர் சொன்னார்,
ஒவ்வொரு விளக்கும் சொறிமீன் மாதிரி
ஊதிக்கொண்டு மிதந்ததாம்.
புதுக்கண்ணில் விளக்கு விளக்காகவே இருந்ததாம்.
எண்ண முடிந்ததாம்.
"ஒண்ணுதான் புரியல.
அத்தனை பேரு இழுத்தும்
கரைக்குக் கொண்டு வரலியே.
சுத்தி விட்டு விட்டு நடுவுலயே விடுறாங்க.
மடியில என்ன இருக்குன்னு
ஒருத்தனும் பார்க்க வேண்டாமா?"

அசையாதீங்க என்றேன்.
சொட்டு இமையில் விழுந்து வழிந்து
காதோரம் இறங்கியது.
முந்தானையில் துடைத்தேன்.
இன்னொன்று விட்டேன்.
அவர் உள்ளங்கையில் கயிற்றின் ஈரம்
இன்னும் காயவில்லை.
மோந்து பார்த்தேன்.
உப்பு வாசம் இல்லை.